சீவிய பல் வளராது

சொத்தை இல்லாத பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வலி காதடியில் ஆரம்பிக்கும், கன்னப்பொட்டுக்கு ஏறும், பிறகு இறங்கிக் கடைவாயில் உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பல் என்று கேட்டால் இன்றைக்கு மேல் பல், நாளைக்குக் கீழ்ப் பல். பொறுக்க முடியாத ஒரு நாளில் 'இதை எடுத்துவிடுங்க டாக்டர்' என்று நோயாளியே கேட்பார். பல் போய்விடும். வலி போகாது.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இந்த வலி நடக்கிற பாதை ஏறக்குறைய ஒன்றுதான். ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று எந்தப் பக்கமானாலும் முதல் மருந்து கோடாலித் தைலம். அடுத்தது கடையில் வாங்கிய பானடோல். அதற்கும் கேட்காவிட்டால், வீட்டில் வேறு யாருக்கோ டாக்டர் கொடுத்து மீந்துபோன போன்ஸ்தான் வலிமாத்திரை. சுளுக்கு வழிக்கத் தெரிந்த பாட்டி எங்காவது ஒருவர் இருப்பார். தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் டிரெசரிடம் காட்டுவார்கள். டிரெசர் எனப்பட்ட இந்தத் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி என்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் 'வாயைத் திறந்தால் வலிக்குது' என்று யாராவது வந்து நின்றால் அது பல் கணக்கில் சேர்வதுதான் இயல்பு. கடைசியில் சிரம்பானில் ஒரு கிளினிக், அங்கே ஒரு குறடு.

வலி பல்லிலிருந்து வராதபோது வேறு எங்கிருந்து வருகிறது? காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரல் நுனியை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் முதலில் தன் இடத்திலேயே சுழலும். வாய் இன்னும் திறக்கும்போது முன்னால் வழுக்கிப் போகும். மூடும்போது பின்வாங்கி ஒரு பள்ளத்தில் அமரும். கீழ்த்தாடை எலும்பின் தலை அது. உட்காருகிற பள்ளம் மண்டையோட்டின் பக்க எலும்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நார்க்குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு. முழங்கை மடங்கி நீளும், அவ்வளவுதான். இந்த மூட்டோ சுழலவும் வேண்டும், வழுக்கவும் வேண்டும்; அதுவும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில், ஏனென்றால் இரண்டையும் இணைப்பது ஒரே எலும்பு. அதை இயக்கும் தசைகளில் கன்னத்தில் இருப்பது ஒன்று. பல்லை இறுகக் கடித்தால் அது திரண்டு கையில் தட்டுப்படும். இன்னொன்று கன்னப்பொட்டிலிருந்து விசிறிபோல் இறங்குகிறது. தலைவலி என்று நினைத்து நெற்றியோரத்தில் தைலம் தேய்க்கிற பலர் உண்மையில் தேய்ப்பது இந்தத் தசையைத்தான்.

தட்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்புத் தலை அதன்மேல் ஏறும். 'டக்' என்று சத்தம் கேட்கும். கேட்டவர் பயந்துபோவார். பயப்பட வேண்டியதில்லை. வலி இல்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம் என்பதில் இன்று பெரும்பாலான வல்லுநர்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்தத் தொல்லையும் இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தட்டு இடம் மாறியிருந்தது. படத்தில் கோணலாகத் தெரிவதெல்லாம் நோய் என்றால் நம்மில் மூன்றில் ஒரு பங்கு பேர் நோயாளிகள்.

இந்த வலிக்குக் கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதம், சரியில்லாததுதான் காரணம் என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் இருந்தார். 1934-இல் அவர் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதடைப்பு, காதிரைச்சல், தலைவலி எல்லாம் அவர்களுக்கு இருந்தன. கடைவாய்ப் பற்கள் பலருக்கு இல்லை. பல் போனதால் தாடை அளவுக்கு மீறி மூடி, எலும்புத் தலை பின்னுக்குப் போய் நரம்புகளை நசுக்குகிறது என்று அவர் முடிவு கட்டினார். அந்த இடத்தில் அப்படி நசுக்குவதற்கு வழியே இல்லை என்று உடற்கூறு அறிஞர்கள் பின்னால் காட்டிவிட்டார்கள். ஆனால் விளக்கம் செத்த பிறகும் வைத்தியம் உயிரோடு இருந்தது. கடியைத் திருத்தினால் வலி போகும் என்று பல தலைமுறைப் பல் மருத்துவர்கள் நம்பினார்கள். ஆரோக்கியமான பற்களைச் சீவினார்கள், உறை போட்டு உயர்த்தினார்கள், கம்பி கட்டி நகர்த்தினார்கள். நோயாளிகளுக்கும் சுகமானது. அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை.

சந்தேகப்பட்டவர்கள் சிகாகோவில், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். குட்மன், கிரீன், லாஸ்கின் என்ற மூவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது, கொஞ்சம் குறும்பானதும்கூட. தாடை வலி உள்ள 25 பேரை உட்காரவைத்துப் பல்லைச் சீவிக் கடியைச் சரிசெய்வதுபோல் நடித்தார்கள். கருவி சுழன்றது, சத்தம் வந்தது, எல்லாச் சடங்கும் நடந்தது. கடி மட்டும் துளியும் மாறவில்லை. 25 பேரில் 16 பேர் வலி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ போய்விட்டது என்றார்கள். நூற்றுக்கு 64.

அந்தப் பதினாறு பேரும் ஏமாளிகள் அல்ல, பொய் சொல்லவும் இல்லை. இந்த வலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. அது உச்சத்துக்குப் போகும்போதுதான் மனிதர் டாக்டரைத் தேடிப் போகிறார். உச்சத்துக்குப் போனது எப்படியும் இறங்கத்தான் வேண்டும். அக்கறையோடு ஒருவர் பார்த்தார், இன்னது என்று சொன்னார் என்பதில் பாதிப் பயம் போகும். பயம் போனால் இறுகிய தசை தளரும். கோடாலித் தைலத்தின் புகழுக்கும் சுளுக்குப் பாட்டியின் கைராசிக்கும் இதில் பங்கு உண்டு. இதைச் சொல்வதால் அவர்களைக் குறைத்துப் பேசுவதாகாது. லட்சக்கணக்கில் செலவு வைத்த பல் சீரமைப்புகளின் புகழிலும் அதே பங்கு இருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. தைலம் ராத்திரியோடு காய்ந்துவிடும், சீவிய பல் வளராது. பால்மரத்துப் பட்டையைச் சீவினால் சில வருடத்தில் அந்த இடத்தில் புதுப்பட்டை மூடிவிடும், மறுபடி அதிலேயே வெட்டலாம். பல்லின் எனாமலுக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

ஆகவே, தானாகவும் தணியக்கூடிய ஒரு வலிக்கு வைத்தியம் தேடும்போது 'இது பலிக்குமா' என்பதற்கு முன்னால் 'பலிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா' என்று கேட்க வேண்டும். பலித்ததாகச் சொல்ல இந்தத் துறையில் எல்லா வைத்தியத்துக்கும் சாட்சி கிடைக்கும். திரும்ப முடியுமா என்ற கேள்விதான் வைத்தியங்களைப் பிரித்துக் காட்டுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் நகரத்தில் சார்லஸ் ஹாம்சி நிறுவிய வைடெக் கம்பெனியின் கதையைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. பழுதான தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பதற்கு ப்ரோப்ளாஸ்ட், டெஃப்லான் கலந்த ஒரு செயற்கைத் தட்டை அவர்கள் தயாரித்தார்கள். டெஃப்லான் என்பது ஒட்டாத தோசைக்கல்லின் மேல் இருக்கிற அதே பூச்சுதான். 1983-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை விற்க அனுமதித்தது; ஏற்கனவே விற்பனையில் உள்ள ஒரு பொருளை ஒத்திருக்கிறது என்பதே போதுமான காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மனிதத் தாடைக்குள் ஆண்டுக்கணக்கில் அது எப்படி உழைக்கும் என்று முன்கூட்டிப் பரிசோதித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. 20,000-க்கும் மேற்பட்டவை வெளியே போயின.

பேசும்போதும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் தாடையின் அழுத்தம் அந்தத் தட்டின்மேல் விழுந்தது. அது துகள் துகளாக உதிர்ந்தது. உடம்பின் காவல் செல்கள் துகள்களை விழுங்கப் பார்த்தன. முடியாமல் ஒன்றோடொன்று சேர்ந்து ராட்சதச் செல்களாகின. அந்தக் கலவரத்தில் சுற்றியிருந்த எலும்பு அரிக்கப்பட்டது. சிலருக்கு மூட்டின் கூரை, அதாவது மூளையைத் தாங்கும் எலும்பே துளைபட்டது. 1990 டிசம்பரில் அதே நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. அதற்குள் கம்பெனி திவாலாகிவிட்டது. தட்டை எடுக்க ஒரு அறுவை, எடுத்த இடத்தைச் சரிசெய்ய இன்னொன்று, அது கெட்டுப்போனதால் மற்றொன்று என்று அந்த நோயாளிகளின் வாழ்க்கை போயிற்று. அவர்களில் ஒருவரான டெர்ரி கௌலி 1986-லேயே மில்வாக்கியில் நோயாளிகளுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்; பிறகு அரசாங்கத்தின் கதவை விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். 1996-இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய மாநாடு, பெரும்பாலானவர்களுக்கு முதலில் மீளக்கூடிய எளிய முறைகளே போதும் என்று சொன்னது. வைடெக் தட்டைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வலி உண்மையானது, பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நல்லெண்ணமும் உண்மையானது. அதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துகிறது.

இனிப் பல் கடிப்பதற்கு வருவோம். குழந்தை தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மறுநாள் காலை விளக்கெண்ணெய். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தோட்டங்களின் பழைய நிலையை அறியாதவர்கள். மலாயாவின் தோட்டங்களில் கொக்கிப்புழு எந்த அளவுக்கு மண்டியிருந்ததென்றால், 1915-க்கும் 1917-க்கும் இடையில் ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அதை ஆராயவே ஒரு குழுவை அனுப்பியது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகள் வயிற்றிலும் பூச்சி இருந்த இடத்தில், பல் கடித்த பிள்ளை வயிற்றிலும் பூச்சி இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பூச்சிதான் பல்லைக் கடிக்க வைக்கிறது என்று நிறுவப்படவில்லை. பூச்சி மருந்தைப் பூச்சிக்காகக் கொடுங்கள். பிள்ளைகளின் பற்கடி பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே குறைந்துவிடும்.

தூக்கத்தில் பல் கடிப்பது வாயில் தொடங்குவதில்லை. கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தின் ஜில் லாவீன் குழுவினர் தூங்குகிறவர்களின் மூளையலை, இதயத்துடிப்பு, தாடைத் தசை மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து பார்த்தார்கள். முதலில் தூக்கம் லேசாகக் கலைகிறது; மூளையலை வேகமெடுக்கிறது; இதயம் துடிப்பைக் கூட்டுகிறது; சில விநாடி கழித்துத்தான் தாடை இறுகுகிறது. எழுப்பியது மூளை, பல் வெறும் சத்தம் போட்டது. அதனால்தான் கடியைத் திருத்திப் பற்கடியை நிறுத்தப் பார்ப்பது வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவதாக முடிகிறது. குடியும் சிகரெட்டும் அதிகக் காப்பியும் அதைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் கூட்டக்கூடும். அவற்றைத் தானாக நிறுத்திவிடாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் மூச்சடைப்பு உண்டா என்று பார்ப்பது, பல்லைப் பார்ப்பதைவிட அவசரமானது.

சத்தமாகக் கடிக்கிறவருக்குத்தான் வலி அதிகம் என்று நாம் நினைப்பதும் பொருந்திவரவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காரன் ராஃபேல் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தாடைத் தசை வலி உள்ள 124 பெண்களையும் வலி இல்லாத 46 பெண்களையும் ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்துப் பதிவெடுத்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பல் கடிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னர் அதே பதிவுகளைத் துருவியபோது வேறொன்று தெரிந்தது: வலி உள்ளவர்களின் தசை, கடிக்காத நேரத்திலும் முழுதாகத் தளர்வதில்லை. ராத்திரி முழுக்க ஒரு சின்ன இறுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சின்ன இறுக்கம் பகலிலும் ஓடும், அங்கே நம்மால் ஏதாவது செய்ய முடியும். சாப்பிடாத நேரத்தில், பேசாத நேரத்தில், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் சாய்ந்திருக்கலாம். இதைப் படித்த இந்த விநாடியில் உங்கள் பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு மரத்தடியில் குனிந்து, பட்டையில் கத்தி ஆழம் போய்விடாமல் கண்ணும் கையும் குவிந்திருக்கும்போது தாடை தன்னை அறியாமல் இறுகும். செம்பனைக் குலையை அறுக்க அண்ணாந்து நீண்ட கம்பைத் தூக்கிப் பிடிக்கிறவருக்கும் அப்படித்தான். செனவாங் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்க்கிற அவர் மகளுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு மரத்துக்கும் தாடையை நினைக்க முடியாது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது ஒருமுறை பல்லை விலக்கித் தோளைத் தளர்த்தினால் போதும். ஃபேக்டரியில் இருப்பவர் கைப்பேசியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, அது கண்ணில் படும்போதெல்லாம் இதைச் செய்யலாம். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் நாள்பட்ட தாடை வலிக்கு நல்ல பலன் தருவதாகத் தெரிகிறவற்றில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பன்னாட்டு வழிகாட்டி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த தாடை வலிக்கான வைத்தியங்களை வரிசைப்படுத்தியது. உறுதியாகப் பரிந்துரைத்தவை: எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சை, தேர்ந்தவர் கையால் செய்யும் மூட்டு அசைவுச் சிகிச்சை, தசையின் வலிமுடிச்சுகளை அழுத்தி விடுவது, மேற்பார்வையோடு செய்யும் தாடை நீட்டுப் பயிற்சியும் உடல்நிலைப் பயிற்சியும், வீட்டில் செய்யும் பயிற்சியும் நல்ல விளக்கமும். உறுதியாக வேண்டாம் என்றவை: கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் தட்டுகள், மூட்டின் உள்தட்டை வெட்டி எடுப்பது, வலிமாத்திரையோடு ஓபியாய்டு சேர்த்துக் கொடுப்பது. பொட்டாக்ஸ் ஊசி, மூட்டைக் கழுவுவது, கபாபென்டின், லேசர் எல்லாம் 'பெரும்பாலோருக்கு வேண்டாம்' பட்டியலில் நிற்கின்றன. முகத்தை ஒல்லியாக்கவென்று அழகு நிலையத்தில் கன்னத் தசைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், அந்தத் தசை மெல்லுவதற்காக இருக்கிறது என்பதை ஒருமுறை யோசிக்கலாம்.

அந்தப் 'பெரும்பாலோருக்கு வேண்டாம்' பட்டியலில் பலர் எதிர்பார்க்காத ஒன்றும் உண்டு: இரவில் மாட்டிக்கொள்ளும் பல் கவசம். நாள்பட்ட வலியைக் குறைப்பதற்கு அதன் பலன் பற்றிய ஆதாரம் பலவீனமானது என்று குழு கருதியது. கவசமே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. பல் தேய்ந்து குட்டையாகிக்கொண்டிருந்தால், போட்ட அடைப்பும் உறையும் உடைந்துகொண்டிருந்தால், தேய்வது பல்லாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும் என்று கவசம் போடுவது நியாயம். எல்லாப் பல்லையும் மூடும் கெட்டியான கவசம், பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்தது, ராத்திரி மட்டும் போடுவது என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை. முன்பல்லை மட்டும் மூடுகிற வகையைக் கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் போட்டால், மற்றப் பற்கள் நகர்ந்து கடியே மாறிவிடலாம். பசார் மாலாமிலும் இணையக் கடையிலும் விற்கிற, வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் கவசத்தை வாங்குகிறவர்கள், காலையில் கழற்றிய பிறகு பல் பழையபடி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொருந்தவில்லை என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும். 2017-இல் பக்கத்து மலாக்காவில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு போலிப் பல்கம்பி மாட்டிவந்த இருபது வயது இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்கள் அவரைத் தேடிப் போனது மலிவு என்பதற்காகத்தான்.

மலிவு வேண்டுமென்றால் அரசாங்கப் பல் கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. நிபுணரிடம் அனுப்பினால் ஐந்து வெள்ளி. இன்று தோட்டங்களில் மரம் வெட்டுகிறவர்களும் குலை அறுக்கிறவர்களும் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்தான். அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. ஆக, கோடாலித் தைலத்தோடு நின்றுவிடுகிறவர்கள் இப்போது அவர்களாகவும் இருக்கலாம்.

வலி புதிதாக வந்திருந்தால், முதல் சில வாரங்களுக்கு வீட்டு வைத்தியமே முறையான வைத்தியம். கஞ்சி, இட்லி, குழைந்த சோறு. முறுக்கும் கரும்பும் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் கால் மணி நேரம் ஒத்தடமாக வைக்கலாம். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் கையைக் கொடுத்து, அதிகம் திறக்காமல் பார்த்துக்கொள்ளலாம். போன்ஸ்தான் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்ட பிறகு, சில நாட்களுக்கு மட்டும்; ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. நம்மவர்களில் சர்க்கரை எவ்வளவு பேருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுளுக்கு வழிப்பவரிடம் போனால் தசையைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், தாடையைச் சடக்கென்று திருகவிடாதீர்கள். வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டு மூட முடியாமல் போனால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பல்மேல் வைத்துக் கீழும் பின்னுமாக அழுத்தி உள்ளே தள்ளும் முறை மிகப் பழையது. சுமார் 3,600 ஆண்டு பழமையான எகிப்தியச் சுருள் ஒன்றிலேயே தாடை விலகினால் இப்படிச் செய் என்று எழுதியிருக்கிறது.

இதுவரை சொன்னவையெல்லாம் பொறுமைக்கு வாதாடியவை. தோட்டப்புறத்தில் அந்தப் பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லையைப் போட்டது வெற்றிலைப் பெட்டி.

1952-இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய இந்தியப் பெண்கள் ஐந்து பேரின் வாய் நாளுக்கு நாள் இறுகித் திறக்க முடியாமல் போனதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி அதே நோயை விவரித்தார். வாய்த்தோலுக்கு அடியில் நார் இறுகும் நோய் அது. பாக்கு அதன் காரணம். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள், நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. உண்டான நார் கரையாமல் சேர்ந்துகொண்டே போகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்துச் சலவைக்கல் நிறமாகும். விரலால் தடவினால் கயிறுபோல் தட்டுப்படும். வாய் திறக்கும் அளவு வருடக்கணக்கில், வலியே இல்லாமல்கூடச் சுருங்கும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் பிண்ட்போர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்நோய் உள்ளவர்களை 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது நூற்றுக்கு 7.6 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2003-இல் முடிவு செய்தது.

மலேசியாவில் 1993-94-இல் நாடு முழுதும் வாய்நோய்க் கணக்கெடுப்பு நடந்தபோது இந்தியர்களும் பூர்வகுடிகளும் அதிக ஆபத்தில் இருப்பது தெரியவந்தது. அதன் பின்னர்தான் சுகாதார அமைச்சு பல் மருத்துவர்களைத் தோட்டங்களுக்கே அனுப்பி வாயைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தோட்டத்து வாய்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் நல்ல பங்கு அந்தத் திட்டம் தந்தது.

ஆகவே சிலியாவிலோ லாபுவிலோ ஒரு அம்மா 'வாய் சரியா திறக்க மாட்டேங்குது' என்றால், தாடை மூட்டு என்று முடிவு கட்டுமுன் அவருடைய மூன்று விரல்களை நிறுத்திவைத்து வாய்க்குள் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால், தசை வலியா நாரா என்பதற்குச் சில குறிகள் உண்டு. தசை வலியில் கன்னம் மெத்தென்றுதான் இருக்கும். மெல்ல உதவினால் வலியோடு இன்னும் கொஞ்சம் திறக்கும். ஏறி இறங்கும் நாட்கள் இருக்கும். நாரில் ஏற்றம் இறக்கம் இல்லை, இறுக்கம் மட்டும்தான். ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, மரத்துப்போன உதடு, காய்ச்சலோடு வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் கொடுக்கக் கூடாது. நடக்கும்போது தாடை வலித்து, நின்றால் குறைந்தால் அது இதயமாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலியும் மெல்லும்போது தாடை அசதியும் சேர்ந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண்பார்வை போகும்.

நார்நோய் என்று சந்தேகம் வந்தால் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையின் வாய் அறுவைப் பிரிவு போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். தேவையானால் ஒரு துண்டுத் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது மட்டுப்படலாம். ஏற்கனவே இறுகியது முழுக்க இளகிவிடாது. வாய்ப் பயிற்சியும் குறித்த இடைவெளியில் பரிசோதனையும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். அதனால் கவுண்டரில் பல்வலி என்று மட்டும் பதிந்துவிட்டு உட்காராமல், எத்தனை வருடமாகப் பாக்குப் போடுகிறோம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ராத்திரி வாயில் அடக்கிக்கொண்டு தூங்குவது உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்க மறந்தாலும் சொல்ல வேண்டும். மகளோ மருமகளோ கூடப் போனால், அம்மா கூச்சப்பட்டு மறைக்கிற இந்த விவரத்தை அவர்கள் எடுத்துக் கொடுக்கலாம்.